ஊசிக்காரர் ஒட்டிய இரண்டு கால்கள்

எங்கள் பூச்சிக் கூடத்தின் பதிவேட்டை நான் ஒப்படைத்த நாளில் அதில் வெட்டுக்கிளிகள் மட்டும் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு இருந்தன. அவற்றில் இருபத்தெட்டாயிரத்துக்குக் குறையாதவை ஒரே மனிதரின் கையால் ஊசி ஏறியவை. எல்லோரும் அவரை ஊசிக்காரர் என்றுதான் கூப்பிட்டோம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் இறந்து மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் ஆகின்றன. அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பதினேழாயிரத்து முந்நூற்று எட்டாம் எண்ணைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அவருடைய வேலை இப்படி. காட்டிலிருந்து பூச்சிகள் முக்கோணக் காகிதப் பொட்டலங்களில் காய்ந்து வரும். அவற்றை ஈரமணல் போட்ட ஜாடியில் இரண்டு நாள் வைத்து இளக்க வேண்டும். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டுப் பஞ்சு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுகி நிறம் போய்விடும். பிறகு ஊசி. கழுத்தின்மேல் சேணம் போல ஒரு கவசம் இருக்கிறதே, அதில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகக் குத்த வேண்டும். நடுக்கோட்டில் இருக்கும் மேட்டை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். ஊசி அதைக் கெடுத்துவிடக் கூடாது. இடப்பக்க இறக்கைகளை மட்டும் விரித்து உலர்த்தி, இடம், நாள், பிடித்தவர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டை அதே ஊசியில் கோக்க வேண்டும். ஒரு பூச்சிக்கு அவருக்கு ஒன்பது நிமிடம் ஆகும். மற்றவர்களுக்கு இருபது.

வெட்டுக்கிளி என்றால் பச்சையாக ஒன்று என்று நினைப்பவர்கள் எங்கள் கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நாட்டில் ஒரே மலைச்சரிவில் அறுபது வகை இருக்கும். உணர்கொம்பு உடம்பைவிட நீளமாக இருந்தால் ஒரு குலம், குட்டையாக இருந்தால் இன்னொரு குலம். அதன்பின் கழுத்துக் கவசம், உள்ளிறக்கையின் நிறம், தொடையின் உட்புறப் பட்டை, தொடைக்குக் கீழே முள் வரிசை வைத்த தண்டுக்காலின் நிறம் என்று பிரித்துக்கொண்டே போவார்கள். கடைசிச் சண்டை ஆண் பூச்சியின் வால் நுனியில்தான் தீரும்.

பின்னங்கால்தான் இந்தப் பூச்சிகளின் பலவீனம். உயிரோடு இருக்கும்போதே எதிரி காலைப் பிடித்தால் காலை விட்டுவிட்டு ஓடிவிடும். காய்ந்த பிறகு, "கொஞ்சம் அதட்டிப் பேசினாலே கழன்று விழும்" என்பார் ஊசிக்காரர். கழன்ற காலுக்கு எங்களிடம் ஒரே விதி. அது எந்த உடலுடையது என்பதில் சிறு சந்தேகம் இருந்தாலும் ஒட்டக் கூடாது. மருந்து இல்லாத வெற்று மாத்திரைக் கூட்டில் போட்டு அந்த உடலின் ஊசியிலேயே மாட்டி, சீட்டில் கேள்விக்குறி போட வேண்டும். சந்தேகமே இல்லாமல் ஒட்டினாலும் தண்ணீரில் கரையும் பசையால்தான் ஒட்ட வேண்டும்.

இந்த விதியை அவர் ஒரே ஒரு முறை மீறினார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் வலைக்காரர். கூடத்துக்காகக் காடு மேடு சுற்றிப் பூச்சி பிடிப்பவர். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிறகு ஊசிக்காரரின் தங்கையை வலைக்காரர் கட்டிக்கொண்டார். நட்புக்கு மேல் உறவு ஏறியதும் இருவரின் வாயும் இன்னும் நீண்டது. வலைக்காரர் பெட்டியை மேஜையில் வைக்கும்போதே ஆரம்பிப்பார்.

"மச்சான், எல்லாம் செத்துடுச்சு, பயப்படாம திற."

"உன்னைப் பாத்தே பாதி செத்திருக்கும். மீதிக்குத்தான் மருந்து போட்டிருப்ப."

"பேசு பேசு. ஒண்ணே ஒண்ணு உயிரோட தாவினா நீ மேஜை மேல ஏறிடுவ."

அது உண்மைதான். ஊசிக்காரர் காட்டுக்கே போனதில்லை. நடக்கும் பூச்சியைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்குவார்.

அந்த முறை பேருந்தின் கூரையிலிருந்து பெட்டி கீழே விழுந்திருந்தது. உள்ளே இரண்டு இடத்துச் சரக்கு. ஒன்று உயரமான புல்சரிவில் பிடித்தது. மற்றது அடிவாரச் சதுப்பில் பிடித்தது. பல பொட்டலங்கள் பிரிந்து, பெட்டியின் அடிப்பஞ்சில் கால்கள் உதிர்ந்து கிடந்தன. சரிவுப் பொட்டலம் ஒன்றில் சிறிய ஆண் பூச்சி. மஞ்சள் கலந்த பழுப்பு உடல். பின்னங்கால் இரண்டும் இல்லை. அடிப்பஞ்சில் இடமும் வலமுமாக ஒரே அளவில் இரண்டு கால்கள் கிடந்தன. தண்டுக்கால்கள் நல்ல நீலம். தொடை முனையும் உடலின் பள்ளமும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தின.

கூடத்தின் தலைவரை நாங்கள் ஐயா என்போம். அவருக்கு நொண்டிப் பூச்சி பிடிக்காது. "முழுசா இருக்கறதைக் கொண்டா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஊசிக்காரர் ஒட்டினார். பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத ஒட்டு. மறுநாள் சதுப்பு இனம் ஒன்றைக் கால் இல்லாமல் ஊசி குத்தும்போது, அந்த இனத்துக்குத் தண்டுக்கால் நீலம் என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியதாம். தோன்றியதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாராம். இதையெல்லாம் பத்தொன்பது ஆண்டு கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

ஐயா அந்தப் பூச்சியைக் கையில் எடுத்தவர் மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. அந்த உடலுக்கு அந்தக் கால் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரே ஒரு பூச்சியை வைத்துப் புது இனம் என்று எழுதலாம். அதுவே மூல மாதிரி ஆகும். அதற்குச் சிவப்புச் சீட்டு. ஐயா எழுதி அச்சுக்கு அனுப்பினார். நான் பதிவேட்டில் 17308 என்று எண் கொடுத்து, "பின் தண்டுக்கால் நீலம்" என்று குறித்தேன்.

மூன்று மாதம் கழித்து ஊசிக்காரர் பழைய பொட்டலங்களைப் பிரித்து நீவிக்கொண்டிருந்தார். மேலே எழுதியிருக்கும் விவரத்துக்காக அந்தக் காகிதங்களைச் சேர்த்து வைப்பது வழக்கம். 17308-இன் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்மடிப்பில் இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பழுப்பு. தண்டுக்காலும் பழுப்பு.

அதைக் காகிதத்தோடு எடுத்துக்கொண்டு ஐயாவின் அறை வாசலுக்குப் போனார். உள்ளே வலைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அச்சான கட்டுரை அன்று காலைதான் தபாலில் வந்திருந்தது. பூச்சிக்கு ஐயா வைத்த பெயர் வலைக்காரருடைய பெயர். லத்தீன் வால் ஒன்று சேர்த்து, எல்லாக் காலத்துக்கும்.

"இனிமே உன் பேரை உலகத்துல யாரும் அழிக்க முடியாது" என்று ஐயா சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் பேரை எங்க வாத்தியாரே தப்பாத்தான் எழுதுவாருங்க ஐயா. இவங்க லத்தீன்ல சரியா எழுதியிருக்காங்களா?" என்றார் வலைக்காரர். சிரித்துக்கொண்டு சொன்னாலும் தாளில் தன் பெயர் இருந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற மனிதர். வாசலில் நின்ற மச்சானைப் பார்த்தார்.

"வா மச்சான். இனிமே என்னைக் கொஞ்சம் மரியாதையா கூப்பிடணும்."

ஊசிக்காரர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கால்களை அவர் தூக்கி எறியவில்லை. மாத்திரைக் கூட்டில் போட்டு, முறைப்படி சீட்டு எழுதி, தன் மேஜை இழுப்பறையின் பின்மூலையில் வைத்தார். எதையும் சீட்டில்லாமல் வைக்க அவரால் முடியாது.

அதற்குப் பிறகு என் கண்ணில் பட்டவை இவை. காலையில் வந்ததும் முதல் வேலையாக மூல மாதிரிகளின் அலமாரியைத் திறக்கச் சொல்லுவார். கர்ப்பூர உருண்டை பார்க்க வேண்டும் என்பது காரணம். 17308-இன் தட்டை இழுத்து, குனிந்து, உதடு அசைய எண்ணுவார். ஆறு என்று எண்ணி முடித்ததும் மூடுவார். கால் உதிர்ந்திருக்காதா என்று பார்த்தாரா, உதிர்ந்துவிட்டதோ என்று பயந்து பார்த்தாரா, எனக்குத் தெரியாது. ஒரு நாள் தன் மேஜையைத் திருப்பி அலமாரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான்காம் நாள் மறுபடியும் திருப்பினார்.

"என்ன, காத்து வரலையா?" என்றேன்.

"பின்னால இருந்து பாக்கற மாதிரி இருக்கு."

"எது?"

"அலமாரிதான். வேற என்ன இருக்கு அங்க?" என்று சொல்லிவிட்டு ஜாடியில் மணலை நனைக்கத் தொடங்கினார்.

ஐயாவுக்கு இரண்டாவது பூச்சி வேண்டும்; முடிந்தால் பெண் பூச்சி. ஒவ்வோர் ஆண்டும் மழை விட்ட மூன்றாம் வாரத்தில் வலைக்காரர் அந்தச் சரிவுக்குப் போனார். முதல் இரண்டு ஆண்டும் ஒன்றுமில்லை என்று வந்தார். மூன்றாம் ஆண்டு வந்து பெட்டியை வைத்தவர் கேலி எதுவும் பேசாமல் உட்கார்ந்தார்.

"பாத்துட்டேன் மச்சான்."

ஊசிக்காரர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "எதை?"

"மத்தியானம் ஒரு மணி இருக்கும். காத்தே இல்ல. நாலு கிளி ஒண்ணா எழும்பிச்சு. மூணு பழுப்பு. நாலாவது இறங்கும்போது காலை நீட்டிச்சு பாரு, அடுப்புல தீ பிடிக்கறப்ப அடியில ஒரு நீலம் தெரியுமே, அந்த நீலம்."

"வலையை வீசினியா?"

"வீசாம? உள்ள பழுப்புதான் இருந்துச்சு. உதறி விட்டுட்டேன்."

"வெயில்ல ஏதாவது தெரிஞ்சிருக்கும்."

"இருபது வருஷமா வெயில்லதான் நிக்கறேன். நீ நிழல்ல உக்காந்து சொல்லாத."

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அவர் அதை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார். அது உச்சி வெயிலில்தான் வெளியே வரும். பாறைக்குப் பக்கத்துக் குட்டைப்புல்லில்தான் உட்காரும். தாவும்போது மற்றவை போலப் படபடக்காது; சத்தமே இல்லாமல் எழும். ஐயா இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு இரண்டாவது கட்டுரை ஒன்றும் போட்டார். வலைக்காரரின் குறிப்புகளை நான் நகல் எடுத்துக் கோப்பில் வைப்பேன். ஊசிக்காரர் அந்தக் கோப்பை மட்டும் தொட மாட்டார். தான் ஒட்டிய ஒன்றுக்கு ஒரு வயிறும் வழக்கமும் வீடும் முளைத்துக்கொண்டே போவதை, பக்கத்து மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பெட்டி வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு எல்லாப் பொட்டலங்களையும் பிரித்து முடிப்பார். கடைசிப் பொட்டலத்தைப் பிரித்த பிறகு முகத்தில் தெரிவது நிம்மதியா ஏமாற்றமா என்று பார்ப்பவர்களால் சொல்ல முடியாது.

ஐயா ஓய்வு பெற்று, பிறகு காலமானார். வலைக்காரருக்கு இதயத்தில் கோளாறு வந்து முன்கூட்டியே வேலையை விட்டார். விட்ட பிறகும் போய் வந்தார். இப்படிப் பதின்மூன்று ஆண்டில் பதின்மூன்று பயணம்; அதன்பின் உடம்பு இடம் தராமல் நிறுத்தினார். என்னிடம் தேதி இருக்கிறது. கூடத்துக்குப் புதிதாக ஒரு பெண் தலைவர் வந்தார். மேடம் என்று அழைத்தோம். எல்லா மூல மாதிரிகளையும் மறுபடி சரிபார்த்துப் பட்டியல் போடத் தொடங்கினார். ஒரு நாள் பழைய நண்பர்களைப் பார்க்க வந்த வலைக்காரரிடம் அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்:

"பத்தொன்பது வருஷமா ரெண்டாவது கிடைக்கலன்னா அதைச் சந்தேகப் பட்டியல்லதான் வைக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க."

வலைக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். ஊசிக்காரர் மேஜையில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவருடைய தங்கை வந்தார். இத்தனை ஆண்டில் கூடத்துக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் முறை. கர்ப்பூர உருண்டை நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணன் மேஜையருகே நின்றார்.

"அண்ணா, அவர் மறுபடியும் பையை எடுத்து வெச்சிருக்கார். திங்கக்கிழமை போறாராம்."

"எங்க?"

"எங்கன்னு தெரியாத மாதிரி கேக்கறியே. டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். இவர் மலை ஏறப் போறார். ஏறினா இறங்க மாட்டார்னு டாக்டர் என் முகத்துக்கு நேரா சொன்னார்."

"நீ சொல்லிப் பாத்தியா?"

"நான் சொல்லாததா? என் பேரை அந்தம்மா அடிக்கப் போறாங்க, ஒண்ணே ஒண்ணு கொண்டு வந்து வெச்சா போதும்னு அதையே சொல்றார். நீ சொல்லு. உன் பேச்சைத்தான் கேப்பார்."

ஊசிக்காரர் விரல் நுனியில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணு சொன்னா போக மாட்டார். ஆனா அதுக்கப்புறம் என்கிட்ட பேச மாட்டார்."

"பேச வேண்டாம். இருந்தா போதும்" என்றார் தங்கை.

அவர் போன பிறகு ஊசிக்காரர் இழுப்பறையின் பின்மூலையிலிருந்து அந்த மாத்திரைக் கூட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள் நாங்கள். நான் பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தைப் பார்த்தேன். பத்தொன்பது ஆண்டுக்கு முந்தைய மை இன்னும் கறுப்பாகவே இருந்தது.

"மேடத்துகிட்ட முதல்ல சொல்லணும்" என்றேன்.

"அவங்ககிட்ட அப்புறம். முதல்ல அவன்."

மூல மாதிரியின் தட்டை எடுக்க இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் மேடம் ஊரில் இல்லை. ஊசிக்காரர் ஆளனுப்பி வலைக்காரரை வரச் சொன்னார். நான் அலமாரியைத் திறந்தேன். மேடத்தின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாத காரியம்தான். செய்தேன்.

வலைக்காரர் கூட்டுக்குள் இருந்த பழுப்புக் கால்களைப் பார்த்தார். சீட்டைப் படித்தார். பிறகு சிரித்தார்.

"என் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளா? நல்லா இருக்கு மச்சான். எந்தப் பூச்சிக் காலைப் பிடுங்கிப் போட்டிருக்க?"

"அதே பொட்டலத்துல இருந்தது."

"என்னைப் போக விடாம பண்ண நீ எதையும் செய்வ."

ஊசிக்காரர் வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய தூரிகையை நனைத்து, பூச்சியின் இடப்பக்கத் தொடை சேரும் இடத்தில் ஒரு துளி வைத்தார். வலப்பக்கம் ஒரு துளி. நாங்கள் மூவரும் நின்றோம். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஆயிற்று. முதலில் இடக்கால் மெதுவாகச் சரிந்து கார்க்குப் பலகையில் விழுந்தது. பிறகு வலக்கால். இரண்டின் முனையிலும் பசை ஈரத்தில் பளபளத்தது. சொந்தமாக வளர்ந்த கால் தண்ணீருக்குக் கழலாது. அது வலைக்காரருக்கும் தெரியும்.

அவர் பலகையில் கிடந்த நீலக் கால்களை வெகு நேரம் பார்த்தார்.

"அப்போ நான் பாத்தது எது?" என்றார்.

ஊசிக்காரர் தூரிகையைத் துணியில் துடைத்தார்.

"பத்து வருஷம். பதினொண்ணு. நான் பாத்தது எதுடா?"

வலைக்காரர் திரும்பினார். வாசற்படியில் ஒரு கை ஊன்றி இறங்கிப் போனார். திங்கட்கிழமை மலைக்குப் போகவில்லை. அவர் வீட்டில் பேச்சு நின்றுபோனதைத் தங்கை என்னிடம் சொன்னார். மத்தியானம் ஒரு மணி ஆனால் மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நிற்பாராம்.

மேடத்திடம் ஊசிக்காரரே போய்ச் சொன்னார். மூல மாதிரியை ஈரமாக்கியதற்கு எங்கள் இருவருக்கும் எழுத்தில் விளக்கம் கேட்டார், கொடுத்தோம். பிறகு அந்த உடலையும் பழுப்புக் கால்களையும் வாங்கிக்கொண்டு ஐந்து வாரம் எதுவும் சொல்லவில்லை. ஆறாம் வாரம் எங்களைக் கூப்பிட்டார்.

வால் நுனியை அவர் கொதிநீரில் இளக்கிப் பிரித்துப் பார்த்திருந்தார். அங்கே இருந்த சிறு கொக்கி வேறெந்த இனத்திலும் இல்லாத வளைவு. நீலக் கால் பொய். ஆனால் இனம் மெய். அது பழுப்புக் காலோடு தனி இனமாகவே இருந்திருக்கிறது. ஐயா தப்பான காரணத்தை வைத்துச் சரியாகச் சொல்லியிருந்தார். ஒட்டிய கால்களை நீக்கிவிட்டு அந்த உடலிலேயே பெயர் நிற்கும் என்பதுதான் விதி.

"அவர் பேரு அப்படியே இருக்கும். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார் மேடம்.

நானும் கூடப் போனேன். தங்கை கதவைத் திறந்தார். வலைக்காரர் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஊசிக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வலைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார்.

"பதிவேட்டுக்காரரே, அவர் சொல்றது நிஜமா?"

"மேடம் எழுத்தில் கொடுத்திருக்காங்க."

"அப்போ பழுப்புதான் அது."

"ஆமா."

"பதிமூணு தடவை போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் முப்பது நாப்பது பழுப்பை வலையில இருந்து உதறி விட்டிருக்கேன். என் காலுலயே மிதிச்சிருப்பேன்." அவர் தன் உள்ளங்காலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அந்த ஐயா இருந்திருந்தா சிரிச்சிருப்பார்."

"ஏங்க, பேரு நின்னுடுச்சுல்ல. அது போதாதா?" என்றார் தங்கை.

"பேரு பழுப்புக்கு இருக்கட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. நீலம் எங்க போச்சு?"

அவர் மறுபடியும் என் பக்கம் திரும்பினார்.

"பதிவேட்டுக்காரரே, அவர்கிட்ட சொல்லுங்க. செத்ததையே குத்திட்டு இருந்தவர் ஒரு தடவை மேல போய்ப் பாக்கட்டும். கையால ஒட்டினாருல்ல, கண்ணால பாக்கட்டும்."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் ஊசிக்காரர்.

"இருக்கார்னு தெரியும்னு சொல்லுங்க."

மறு ஆண்டு மழை விட்ட மூன்றாம் வாரம் மூவரும் போனோம். மருத்துவர் அடிவாரம் வரை அனுமதித்தார். பேருந்து நிற்குமிடத்தில் ஒரு தேநீர்க் கடை; அதன் பெஞ்சில் வலைக்காரரும் நானும் உட்கார்ந்தோம். பேருந்தில் அவர் மச்சானோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் வலையை எடுத்துப் பிடியின் பூணை இறுக்கி, என்னிடம் கொடுத்து, அவரிடம் கொடுக்கச் சொன்னார். ஊசிக்காரர் பதினொன்று பத்துக்கு ஏறத் தொடங்கினார். ஐம்பத்தொன்பது வயது. செருப்பு சறுக்கியது. இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தார்.

மேலே என்ன நடந்தது என்பதை அவர் பிற்பாடு எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். புல்லில் முதல் அடி வைத்ததும் தரையே எழுந்ததாம். காலுக்கு முன்னால் நூறு, அடுத்த அடியில் இன்னொரு நூறு. ஒவ்வொன்றும் படபடவென்று சத்தம். இருபத்தெட்டாயிரம் பூச்சியைத் தொட்டவருக்கு அந்தச் சத்தம் தெரியாது. எழும்போது ஒரு நிறம், பறக்கும்போது ஒரு நிறம், இறங்கியதும் புல்லின் நிறம். எது என்ன இனம் என்று ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. தட்டில் வைத்துக் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். முதல் அரைமணி நேரம் வலையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றே இருந்தாராம். எல்லாம் தன்னைத்தான் பார்ப்பதுபோல் இருந்ததாம்.

மூன்று முப்பத்தைந்துக்கு இறங்கி வந்தார். சட்டை முழுக்கப் புல்விதை. பையிலிருந்து பொட்டலங்களை எடுத்து பெஞ்சின் நடுவில் வைத்தார். ஏழு. எல்லாவற்றின் மேலும் இடமும் நாளும் எழுதியிருந்தது. பிடித்தவர் பெயர் எழுதும் இடத்தில் வலைக்காரரின் பெயரை எழுதியிருந்தார். நான் அதைத் திருத்தவில்லை.

வலைக்காரர் பொட்டலங்களைத் தொடவில்லை. மச்சானை நேராகப் பார்த்தார்.

"பாத்தியா?"

பத்து மாதத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஏழு பழுப்பு பிடிச்சேன். மேடத்துக்கு இது போதும்."

"அதைக் கேக்கல."

ஊசிக்காரர் வலையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது. மறுபடியும் சாய்த்தார்.

"ஒரு மணி இருக்கும். சத்தம் எல்லாம் நின்னுடுச்சு. ஒண்ணு எழும்பிச்சு. சத்தமே இல்லாம." சட்டையிலிருந்து ஒரு புல்விதையைக் கிள்ளி எடுத்தார். "எனக்கு எதிர்லயே இறங்கிச்சு மாப்பிள்ளை. காலை நீட்டிச்சு."

"நீலமா?"

"வெயில் கண்ணுல அடிச்சுது."

"வலையை வீச வேண்டியதுதானே."

"கை எழும்பல."

"ஏன்?"

"பிடிச்சா பழுப்பா இருக்குமேன்னு பயந்துட்டேன்."

கடைக்காரர் தேநீர்க் குவளையைக் கொண்டுவந்து வைத்தார். வலைக்காரர் அதை எடுத்து, குடிக்காமல், மச்சான் பக்கம் நகர்த்தினார். பிறகு ஏழு பொட்டலங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு" என்றார். "எந்தப் பாறைகிட்ட, சொல்லு."